சமன்பாடு சமனாகவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

படிவம் 4 வேதியியலில் மோல், சூத்திரம், சமன்பாடு என்ற பாடம் வந்துவிட்டால் செந்தூல் டியூஷன் மேசையானாலும் பட்டர்வொர்த் வீட்டுக் கூடமானாலும் நோட்டு ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரே வரியை நான்கு தடவை எழுதி, நான்கு தடவை ரப்பரால் தேய்த்து, தாள் பஞ்சாகியிருக்கும். தேய்த்ததெல்லாம் முன்னால் போட்ட எண்களை. பழுதோ பெரும்பாலும் சூத்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கும். உங்கள் நோட்டில் தெரியும் அறிகுறி எது என்று பார்த்து, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் ஒத்துக்கொள்வோம். சூத்திரத்துக்கு முன்னால் பெரிதாக எழுதும் எண் முன்னெண். சூத்திரத்துக்குள் காலடியில் சிறிதாக எழுதும் எண் அடியெண். முன்னெண்ணை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். அடியெண்ணில் கைவைக்கக் கூடாது. சேர்மங்களை இங்கே பெயரால்தான் சொல்கிறோம். பக்கத்தில் ஒரு தாளை வைத்து ஒவ்வொன்றையும் குறியீட்டில் நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள். கை எங்கே தடுமாறுகிறதோ அதுவும் ஓர் அறிகுறிதான்.

## எந்த அறிகுறியானாலும் முதல் 3 நிமிடம்

முன்னெண்கள் எல்லாவற்றையும் விரலால் மறைத்துவிட்டு ஒவ்வொரு சூத்திரத்தையும் தனியாகப் படியுங்கள். அது உண்மையில் இருக்கும் பொருளா? அயனிகளால், அதாவது மின்சுமை உள்ள துகள்களால், ஆன அயனிச் சேர்மம் என்றால் கூட்டல் சுமையும் கழித்தல் சுமையும் அடித்துக்கொண்டு பூஜ்யம் ஆகிறதா? இதில் தேறாத சூத்திரத்தை வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்குவது வீண் வேலை.

அதற்குக் கையில் இருக்க வேண்டிய பட்டியல் சின்னதுதான். 1+ சுமை: சோடியம், பொட்டாசியம், வெள்ளி, ஹைட்ரஜன், அம்மோனியம். 2+ சுமை: மக்னீசியம், கால்சியம், பேரியம், துத்தநாகம், ஈயம்(2), செம்பு(2), இரும்பு(2). 3+ சுமை: அலுமினியம், இரும்பு(3). எதிர்ப்பக்கம் 1– : குளோரைடு, புரோமைடு, அயோடைடு, ஹைட்ராக்சைடு, நைட்ரேட். 2– : ஆக்சைடு, சல்பேட், கார்பனேட். 3– : பாஸ்பேட். அடைப்புக்குள் இருக்கும் எண்ணைத் தேர்வுத்தாளில் ரோமன் எண்ணாக எழுத வேண்டும்.

பிறகு அம்புக்குறிக்குக் கீழே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் எத்தனை அணு, வலப்பக்கம் எத்தனை அணு என்று தனிமம் தனிமமாக எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம். மனக்கணக்கில் ஹைட்ரஜன் தப்பாது, ஆக்சிஜன் தப்பும். அது மூன்று நான்கு பொருள்களில் சிதறிக் கிடக்கும்.

## அறிகுறி 1: எல்லாம் சரி, ஒரு தனிமம் மட்டும் வராமல் அடம் பிடிக்கிறது

இரட்டை அணுவை ஒற்றையாக எழுதியது. முதலில் பார்க்க வேண்டியதும் சரிசெய்ய எளிதானதும் இதுதான். தனியாக நிற்கும்போது இரண்டிரண்டாகவே இருக்கும் தனிமங்கள் ஏழு: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின். தனிம அட்டவணையில் நைட்ரஜனில் விரலை வைத்து வலப்பக்கமாக ஃபுளோரின் வரை போய், அங்கிருந்து அயோடின் வரை கீழே இழுத்தால் 7 என்ற எழுத்தே கிடைக்கும். ஹைட்ரஜன் மட்டும் வெளியே நிற்கும். இதற்கு மறுபக்கப் பிழை ஒன்றும் உண்டு. ஆக்சிஜன் என்றாலே 2 என்று பழகிய கை மக்னீசியம் ஆக்சைடிலும் ஒரு 2 போட்டுவிடும். இரட்டை என்பது தனியாக நிற்கும் வாயுவுக்கு. சேர்மத்துக்குள் போனபின் எத்தனை என்பதைச் சுமைதான் முடிவு செய்யும்.

அடைப்புக்குறியைத் தப்பாக எண்ணியது. கால்சியம் ஹைட்ராக்சைடை வாயால் சொன்னால்: சி ஏ, அடைப்புக்குள் ஓ எச், அடைப்புக்கு வெளியே காலடியில் 2. அந்த 2 ஓவுக்கும் எச்சுக்கும் சேர்த்து. அடைப்பை விட்டுவிட்டால் எச் மட்டும் இரண்டாகும், ஓ ஒன்றாகவே நிற்கும். அலுமினியம் சல்பேட்டில் இன்னும் வசமாக மாட்டுவார்கள்: அலுமினியம் 2, கந்தகம் 3, ஆக்சிஜன் 12. முன்னால் ஒரு 2 வந்தால் ஆக்சிஜன் 24.

விளைபொருள் ஒன்றை விட்டது. கார்பனேட்டும் அமிலமும் சேர்ந்தால் உப்பு, நீர், கார்பன் டைஆக்சைடு என்று மூன்று வர வேண்டும். நுரைத்து வரும் வாயு கண்ணுக்குத் தெரிவதால் அதை எழுதிவிடுவார்கள். அமிலக் கரைசலோடு கலந்துபோகும் நீரை மறப்பார்கள். பளிங்குச் சில்லுக்குச் சரியான வரி:

1 கால்சியம் கார்பனேட் + 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → 1 கால்சியம் குளோரைடு + 1 நீர் + 1 கார்பன் டைஆக்சைடு

இடப்பக்கம் ஹைட்ரஜன் இருந்து வலப்பக்கம் ஹைட்ரஜன் என்ற பேச்சே இல்லை என்றால், விட்டது பெரும்பாலும் நீர்தான். ஈய நைட்ரேட்டைச் சூடாக்கும் சோதனையில் கதை வேறு. பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடு கண்ணைக் கவர்ந்துவிடும். கூடவே வரும் ஆக்சிஜனுக்கு நிறமில்லை, ஆகவே அது வரியில் ஏறாது.

2 ஈய நைட்ரேட் → 2 ஈய ஆக்சைடு + 4 நைட்ரஜன் டைஆக்சைடு + 1 ஆக்சிஜன்

ஆக்சிஜன் அணு இடப்பக்கம் 12. வலப்பக்கம் 2, 8, 2.

சூத்திரமே தப்பு. நேரம் அதிகம் தின்னும் காரணம் இது. சோடியம் சல்பேட்டில் சோடியத்துக்கு அடியெண் 2 போட மறந்து, ஒரு சோடியம் ஒரு சல்பேட் என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சல்பூரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் ஒவ்வொன்று என்று தொடங்கினால் சோடியம் சரி, கந்தகம் சரி, ஆக்சிஜனும் 5-க்கு 5 சரி. ஹைட்ரஜன் மட்டும் இடப்பக்கம் 3, வலப்பக்கம் 2. நீரைக் கூட்டினால் ஆக்சிஜன் கெடும். அமிலத்தைக் கூட்டினால் கந்தகம் கெடும். எந்த முன்னெண்ணாலும் இந்த வரியைச் சமன் செய்யவே முடியாது; பிள்ளைகள் அரை மணி நேரம் போராடுவது இந்த மாதிரி வரியோடுதான். அடியெண் 2 சேர்ந்ததும் 1 அமிலம், 2 காரம், 1 உப்பு, 2 நீர் என்று உடனே விழுந்துவிடும்.

ஆகவே ஒரு நேர வரம்பு வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குமேல் ஒரு தனிமம் அடம் பிடித்தால் முன்னெண்ணை விட்டுவிட்டுச் சூத்திரங்களுக்குத் திரும்புங்கள்.

ஆசிரியரிடம் போக வேண்டிய கட்டம்: மேலே உள்ள அயனிப் பட்டியலைப் பார்க்காமல் எழுதச் சொல்லி, ஐந்துக்கு மேல் தவறினால் சமன்செய்யும் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் இன்னும் ஐம்பது சமன்பாடு போட்டாலும் தப்பைத்தான் கை பழகும். தினம் பத்து நிமிடம், இரண்டு வாரம், சூத்திரம் மட்டும் எழுதும் பயிற்சியை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள்.

## அறிகுறி 2: வேதிப்பொருளின் பெயரிலேயே குழப்பம்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய பழுது இது. தமிழ்ப்பள்ளியில் உயிர்வளி, கரிவளி என்று படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய் வழியிலோ, இருமொழித் திட்டம் உள்ள பள்ளியில் ஆங்கில வழியிலோ வேதியியல் படிக்கிறார்கள். வீட்டில் செம்பு, வெள்ளி, இரும்பு. ஆங்கிலத்தில் சோடியம், பொட்டாசியம். மலாயில் நாத்ரியும், காலியும், குப்ரும், ஃபெரும், அர்ஜெந்தும், பிளும்பும், ஸ்தானும்.

இதில் ஒரு லாபம் உண்டு. சோடியத்துக்கு ஏன் என் ஏ என்று ஆங்கில வழிப் பிள்ளை தலையைச் சொறியும் இடத்தில், நாத்ரியும் என்று படித்த பிள்ளைக்குக் குறியீடு பெயரிலேயே இருக்கிறது. நஷ்டம் எங்கே என்றால்:

காலியும் வேறு, கால்சியும் வேறு. முன்னது பொட்டாசியம், குறியீடு கே, சுமை 1+. பின்னது கால்சியம், குறியீடு சி ஏ, சுமை 2+. அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் சூத்திரம், சமன்பாடு, மோல் கணக்கு எல்லாம் வரிசையாகச் சரியும்.

மலாயில் கார்பன், குளோரின், குப்ரும், கோபால்ட், குரோமியம் எல்லாம் கே எழுத்தில் தொடங்கும். குறியீட்டில் அவை சி. பாடத்தில் வரும் பெயர்களில் குறியீட்டிலும் கே என்றே தொடங்குவது காலியும், கிரிப்டான் இரண்டும்தான்.

அர்ஜெந்தும் என்பதற்கு ஏ ஆர் என்று எழுதினால் அது ஆர்கான். வெள்ளிக்கு ஏ ஜி. பிளும்புமுக்குப் பி எல் கிடையாது, பி பி.

பிறகு ஈயம். ஈயச் சுரங்கம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது என்று நம் வீட்டுப் பேச்சில் வரும் ஈயம், வேதியியலில் ஸ்தானும். தமிழ்ப் பாடநூல் அதை வெள்ளீயம் என்கிறது. பாடநூலில் ஈயம் என்று தனியாக வந்தால் அது பிளும்பும், மலாய்ப் பேச்சில் தீமா ஹீத்தாம். இந்தக் கட்டுரையில் ஈயம் என்பது பாடநூல் ஈயம்தான். வெள்ளீயத் தாதுவிலிருந்து உலோகம் எடுக்கும் சமன்பாடு, 1 வெள்ளீய(4) ஆக்சைடு + 1 கார்பன் → 1 வெள்ளீயம் + 1 கார்பன் டைஆக்சைடு. தாத்தா சொன்ன ஈயம் என்று நினைத்துப் பி பி எழுதினால் அடுத்த வரியில் நிறைக் கணக்கு கெடும்.

வால் எழுத்துகளையும் பாருங்கள். சல்பைடு என்றால் கந்தகம் மட்டும். சல்பைட் என்றால் மூன்று ஆக்சிஜனோடு. சல்பேட் என்றால் நான்கு ஆக்சிஜனோடு. மலாயில் சுல்ஃபீடா, சுல்ஃபிட், சுல்ஃபாட். அம்மோனியா நடுநிலை மூலக்கூறு, ஹைட்ரஜன் 3. அம்மோனியம் 1+ அயனி, ஹைட்ரஜன் 4.

சோதனை: எஸ்பிஎம் வேதியியல் கேள்வித்தாள் இரு மொழியிலும் அச்சாகிறது. பெயரில் சந்தேகம் வந்தால் மற்ற மொழி வரியைப் படியுங்கள். காலியும்/பொட்டாசியம் என்று இரண்டும் கண்ணில் பட்டால் குழப்பத்துக்கு இடமில்லை. நிலைக் குறியீட்டுக்கும் இதே எச்சரிக்கை. மலாய்ப் புத்தகம் திடத்துக்குப் பெபெஜால் என்பதன் முதல் எழுத்தைப் போடும். ஆங்கிலப் புத்தகம் சாலிட் என்பதன் முதல் எழுத்தை. ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள், ஒரே வரியில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

இந்தப் பழுதுக்கு டியூஷன் செலவு தேவையில்லை. மூன்று பத்தி போட்ட ஓர் அட்டை போதும்: மலாய், ஆங்கிலம், குறியீடு.

## அறிகுறி 3: அணு எண்ணிக்கை சமன், ஆனாலும் மார்க் போய்விட்டது

எஸ்பிஎம் பாணித் திருத்தத்தில் சமன்பாட்டுக்கு வழக்கமாக இரண்டு மார்க்: வினைபடுபொருள், விளைபொருள் சூத்திரங்கள் சரியாக இருந்தால் ஒன்று, சமன் செய்ததற்கு இன்னொன்று. முதலாவது போனால் இரண்டாவதும் கூடவே போய்விடும்.

முதலில் கையெழுத்தைப் பாருங்கள். கோபால்ட்டின் குறியீட்டில் ஓ சிறிய எழுத்து. இரண்டையும் பெரிதாக எழுதினால் அது கார்பன் மோனாக்சைடு. அடியெண்ணை முன்னெண் அளவுக்குப் பெரிதாக எழுதும் பழக்கமும் திருத்துபவரைச் சோதிக்கும்.

அடுத்து, எண்களைச் சுருக்கினீர்களா? 4 மக்னீசியம் + 2 ஆக்சிஜன் → 4 மக்னீசியம் ஆக்சைடு, அணுக் கணக்கில் சரி. ஆனால் மூன்றும் இரண்டால் வகுபடும். 2, 1, 2 என்று குறைந்த முழு எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்கும் அடுத்தது அடியெண்ணில் கைவைத்தது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் ஆகும் வரியில், வலப்பக்கம் ஓர் ஆக்சிஜன் குறைகிறது என்று நீரின் சூத்திரத்தில் ஓவுக்கு அடியில் 2 போட்டால் எண்ணிக்கை உடனே சமனாகும். கிடைத்தது ஹைட்ரஜன் பெராக்சைடு. குடிக்கும் நீரை வெளுக்கும் மருந்தாக்கிவிட்டு வந்திருக்கிறோம். அலுமினியமும் ஆக்சிஜனும் 1:1 என்று எழுதினாலும் இதே கதைதான். 2, 1, 2 என்று அழகாகச் சமனாகும், ஆனால் அப்படி ஓர் ஆக்சைடு இந்தப் பாடத்தில் கிடையாது. சரியான வரி 4 அலுமினியம் + 3 ஆக்சிஜன் → 2 அலுமினியம் ஆக்சைடு. தப்பான சூத்திரம் சமனாகாமல் முரண்டு பிடித்தால் நம்மை எச்சரிக்கிறது என்றாவது எடுத்துக்கொள்ளலாம். இது எச்சரிக்கவும் செய்யாது. முதல் 3 நிமிடச் சோதனையை விடக்கூடாது என்பது இதற்காகத்தான்.

செலவு பிடிக்கும் காரணம்: நடக்காத வினையை எழுதியது. செம்பு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு ஹைட்ரஜனைத் தராது. தாளில் எவ்வளவு சமனாக இருந்தாலும் குழாயில் ஒன்றும் நடக்காது. இரும்பு இன்னொரு பொறி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் இரும்பு(2) குளோரைடு. குளோரின் வாயுவில் சூடாக்கினால் இரும்பு(3) குளோரைடு, 2 இரும்பு + 3 குளோரின் → 2 இரும்பு(3) குளோரைடு. இதைச் சமன்செய்யும் பயிற்சியால் கற்க முடியாது. வினைபடு வரிசையையும் ஆய்வுக்கூடக் குறிப்பையும் திரும்பப் படிக்க வேண்டும், புரியாவிட்டால் ஆசிரியர்தான்.

## அறிகுறி 4: எரிதல் வினையில் ஆக்சிஜன் ஒற்றைப்படையில் நிற்கிறது

சமையல் கேஸ் தோங்கில் இருப்பது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் கலவை. பியூட்டேனையே எடுத்து மெதுவாகப் போவோம். 4 கார்பன், 10 ஹைட்ரஜன்.

கார்பன் முதலில். 4 கார்பன், ஆகவே 4 கார்பன் டைஆக்சைடு.
ஹைட்ரஜன் அடுத்து. 10 ஹைட்ரஜன், ஆகவே 5 நீர்.
ஆக்சிஜன் கடைசியில். வலப்பக்கம் 4 × 2 = 8, நீரில் 5, மொத்தம் 13. இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டிரண்டாக வருவதால் ஆறரை மூலக்கூறு.

இங்கேதான் பலர் எல்லாவற்றையும் ரப்பரால் அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம். ஆறரையை அப்படியே எழுதிவிட்டு, முழு வரியையும் இரண்டால் பெருக்குங்கள்.

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டைஆக்சைடு + 10 நீர்

புரொப்பேனுக்கு இந்தத் தொல்லை இல்லை: 1, 5, 3, 4. அல்கேன்களில் கார்பன் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ஆக்சிஜன் முழு எண்ணாக விழும், இரட்டைப்படை என்றால் அரை வரும். மீத்தேன் 2, ஈத்தேன் மூன்றரை, புரொப்பேன் 5, பியூட்டேன் ஆறரை. அரை எதிர்பாராத இடத்தில் வந்தால் எண்ணியதில் தப்பு.

எத்தனாலில் அந்தத் தப்பு அடிக்கடி நேரும். அதற்குள்ளேயே ஓர் ஆக்சிஜன் இருக்கிறது. 2 கார்பன் டைஆக்சைடு, 3 நீர் என்றால் வலப்பக்கம் 7. எரிபொருள் தன் கையிலிருந்து 1 தருவதால் வாயுவிலிருந்து வேண்டியது 6 மட்டும், அதாவது 3 மூலக்கூறு. கழிக்க மறந்தால் மூன்றரை வரும்.

வெப்ப வேதியியலில் 1 மோல் எரிபொருளுக்கு என்று கேட்கும்போது மட்டும் அரையை அப்படியே விடலாம். மற்ற இடங்களில் முழு எண்.

## அறிகுறி 5: எண்கள் வளர்ந்துகொண்டே போகின்றன, முடிவே இல்லை

ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடுகிறது, அதைத் திருத்தினால் முதலாவது கெடுகிறது. காரணம் பெரும்பாலும் வரிசை. தனித் தனிமமாக நிற்கும் பொருளில் கையை முதலில் வைத்திருப்பீர்கள். உலோகம், பிறகு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அல்லாத அலோகம், பிறகு ஹைட்ரஜன், பிறகு ஆக்சிஜன், கடைசியில் தனித் தனிமம். இந்த வரிசையில் போனால் கடைசியில் போடும் எண் வேறு எதையும் கெடுக்காது.

உடையாத கூட்டத்தை உடைக்காமல் எண்ணுங்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடும் சல்பூரிக் அமிலமும்: வலப்பக்கம் அலுமினியம் 2, ஆகவே 2 ஹைட்ராக்சைடு. சல்பேட் 3, ஆகவே 3 அமிலம். ஹைட்ரஜன் 6-உம் ஹைட்ராக்சைடு 6-உம் சேர்ந்து 6 நீர். கந்தகத்தையும் ஆக்சிஜனையும் பிரித்து எண்ண வேண்டிய அவசியமே வரவில்லை.

ஊதுலை வரியில் பார்வையைக் கொஞ்சம் மாற்றினால் போதும். இரும்பு(3) ஆக்சைடில் இருக்கும் 3 ஆக்சிஜனை ஒவ்வொன்றாக எடுத்துப் போவது கார்பன் மோனாக்சைடு. ஒன்று ஒன்றைத்தான் தூக்கும். ஆகவே 3 வேண்டும்: 1, 3 → 2 இரும்பு, 3 கார்பன் டைஆக்சைடு.

கூட்டம் உடையும் வினைதான் கடினம். செம்பும் நீர்த்த நைட்ரிக் அமிலமும் சேர்ந்தால் நைட்ரேட்டில் ஒரு பங்கு உப்பாகவே இருந்துவிடும், ஒரு பங்கு நைட்ரிக் ஆக்சைடாக மாறும். இங்கே கண்மதிப்பில் தடவுவதைவிட இயற்கணிதம் மேல். செம்பு உப்பை 1 என்று வையுங்கள், செம்பும் 1. அமிலம் எத்தனை என்று தெரியாது, அதை அ என்போம். ஹைட்ரஜனைப் பார்த்தால் நீர் அ-வில் பாதி. நைட்ரஜனைப் பார்த்தால் நைட்ரிக் ஆக்சைடு, அ-வில் 2 குறைவு. ஆக்சிஜன்: இடப்பக்கம் 3அ. வலப்பக்கம் உப்பில் 6, நைட்ரிக் ஆக்சைடில் அ – 2, நீரில் அ/2. சுருக்கினால் ஒன்றரை அ = 4, ஆகவே அ = 8/3. எல்லாவற்றையும் 3-ஆல் பெருக்குங்கள்:

3 செம்பு + 8 நைட்ரிக் அமிலம் → 3 செம்பு(2) நைட்ரேட் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 4 நீர்

அடர் அமிலம் என்றால் விளைபொருள் நைட்ரஜன் டைஆக்சைடு, எண்கள் 1, 4, 1, 2, 2. கேள்வியில் நீர்த்த, அடர் என்ற சொல்லைக் கவனிக்காமல் போனால் இயற்கணிதமும் காப்பாற்றாது.

இருபது நிமிடத்தில் இயற்கணிதமும் முடிவு தரவில்லை, எல்லாம் பூஜ்யம் என்று வருகிறது என்றால் சூத்திரத்திலோ பொருள் பட்டியலிலோ பழுது. அதோடு நிறுத்துங்கள், அறிகுறி 1-இன் கடைசிக் காரணத்துக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 6: ஒன்றும் போடாமலே சமனாகிவிட்டது, நம்பிக்கை வரவில்லை

இது பழுதே இல்லாமல் இருக்கலாம். எல்லா முன்னெண்ணும் 1 என்று வரும் சமன்பாடுகள் நிறைய உண்டு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. அதன் தெளிந்த நீரில் கார்பன் டைஆக்சைடை விட்டால் பால்போலக் கலங்கும்: 1 கால்சியம் ஹைட்ராக்சைடு + 1 கார்பன் டைஆக்சைடு → 1 கால்சியம் கார்பனேட் + 1 நீர். தொடர்ந்து விட்டால் கலங்கல் தெளியும்: 1 கால்சியம் கார்பனேட் + 1 நீர் + 1 கார்பன் டைஆக்சைடு → 1 கால்சியம் ஹைட்ரஜன் கார்பனேட். ஆக்சிஜன் இடப்பக்கம் 3, 1, 2, வலப்பக்கம் 6. பத்துமலையின் சுண்ணாம்புப் பாறையை மழைநீர் அரித்துக் குகையாக்கியதும் இந்த வரிதான். கூரையில் சொட்டிச் சொட்டிக் கல்விழுதாக இறங்குவது இதே வரி திரும்பி ஓடுவதால். அட்டவணை போட்டு எண்ணிப் பார்த்துச் சரியென்றால் விட்டுவிடுங்கள். ஏதாவது எண் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

## அறிகுறி 7: அயனிச் சமன்பாட்டில் அணு சரி, மின்சுமை சரியில்லை

அலுமினியத் துண்டைச் செம்பு(2) சல்பேட் கரைசலில் போடும் வினையை 1 அலுமினியம் + 1 செம்பு அயனி → 1 அலுமினியம் அயனி + 1 செம்பு என்று எழுதினால் அணு ஒவ்வொன்றும் சரி. சுமை இடப்பக்கம் 2+, வலப்பக்கம் 3+. ஆகவே வரி செல்லாது. 2 அலுமினியம் + 3 செம்பு அயனி → 2 அலுமினியம் அயனி + 3 செம்பு. இரு பக்கமும் 6+. அயனி வரிக்கு அட்டவணையின் கடைசியில் சுமைக்கும் ஒரு வரிசை போடுவதை வழக்கமாக்குங்கள்.

பிரிக்கக் கூடாததைப் பிரித்தீர்களா என்று அடுத்துப் பாருங்கள். நீரில் கரைந்த அயனிச் சேர்மமும் வல்லமிலமும் மட்டும்தான் அயனிகளாகப் பிரியும். பளிங்குச் சில்லு திடம், அதை முழுசாக எழுத வேண்டும்: 1 கால்சியம் கார்பனேட் + 2 ஹைட்ரஜன் அயனி → 1 கால்சியம் அயனி + 1 நீர் + 1 கார்பன் டைஆக்சைடு. ஈய நைட்ரேட்டும் பொட்டாசியம் அயோடைடும் கலந்து வரும் மஞ்சள் வீழ்படிவில் பொட்டாசியமும் நைட்ரேட்டும் வேடிக்கை பார்ப்பவை. மிஞ்சுவது 1 ஈய அயனி + 2 அயோடைடு அயனி → 1 ஈய அயோடைடு.

அரைச் சமன்பாடு, அதாவது எலக்ட்ரானை இழப்பதையோ பெறுவதையோ மட்டும் தனியாகக் காட்டும் வரி என்றால் எலக்ட்ரான் எந்தப் பக்கம் என்பதில் சிக்கல் வரும். இழந்தால் வலப்பக்கம், பெற்றால் இடப்பக்கம். மின்னாற்பகுப்பில் நேர்மின்வாயில் 4 ஹைட்ராக்சைடு → 1 ஆக்சிஜன் + 2 நீர் + 4 எலக்ட்ரான்; இரு பக்கமும் 4–.

அமில ஊடகத்தில் பெர்மாங்கனேட் வந்தால் படிகள் மாறாதவை. பெர்மாங்கனேட் அயனியில் 4 ஆக்சிஜன், சுமை 1–; அது மாங்கனீஸ்(2) அயனி ஆகிறது. ஆக்சிஜனைச் சரிக்கட்ட வலப்பக்கம் 4 நீர். அதனால் வந்த ஹைட்ரஜனைச் சரிக்கட்ட இடப்பக்கம் 8 ஹைட்ரஜன் அயனி. இப்போது சுமை இடப்பக்கம் 7+, வலப்பக்கம் 2+. இடப்பக்கம் 5 எலக்ட்ரான் போட்டால் சமன். இரும்பு(2) அயனி ஒன்று இரும்பு(3) ஆகும்போது ஓர் எலக்ட்ரான்தான் தரும், ஆகவே 5 இரும்பு(2) வேண்டும். இரண்டையும் கூட்டியபின் சுமை இரு பக்கமும் 17+. கூட்டிய வரியில் எலக்ட்ரான் மிஞ்சியிருந்தால் பெருக்கும்போது எங்கோ விட்டிருக்கிறீர்கள்.

ஆக்சிஜனேற்ற எண் என்ற சொல்லே இன்னும் பிடிபடவில்லை என்றால் இந்த அறிகுறியில் வீட்டில் நேரம் செலவழிக்க வேண்டாம். படிவம் 5 ஆசிரியரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தீரும் விஷயம் இது. போகும்போது திருத்தி எழுதிய நல்ல பிரதியை விட்டுவிடுங்கள். ரப்பர் படாத, தப்போடு இருக்கும் பக்கத்தையே கொண்டுபோங்கள். எந்த வரியில் வழி மாறியது என்று அவருக்கு அதில்தான் தெரியும்.